நாலாவது டிரம்மில் மிஞ்சிய தண்ணீர்

அக்கா புருஷனுக்கு அவள் தர வேண்டியது எழுபதாயிரம். பம்பு வாங்கக் கைமாற்றாக வாங்கியது. மாதக் கடைசிக்குள் மொத்தமாக வராவிட்டால் பம்பைத் தூக்கிப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார்; சொன்ன நாளில் வண்டியோடு, அவள் வேலை எடுத்திருந்த ஐஸ் ஆலை வாசலுக்கே வந்தும்விட்டார்.

பம்பு போனால் பிழைப்பும் போச்சு. உப்பு படிந்த குழாய்களில் ஆசிட் ஓட்டிக் கழுவுவது அவள் தொழில். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள்தான். ஆனால் அவளைப் போலக் குழாய் கழுவ இன்னொருத்தி பிறந்துதான் வர வேண்டும். கேட்காதவர்களிடமும் அவளே அதைச் சொல்வாள்.

தொழில் வழக்கப்படி, குழாய் பிடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் நூறு என்று கூலி பேசியிருந்தாள். நூறு மீட்டர் குழாய். வேலை முடிந்ததும் ஆலை முதலாளி மெல்லத் தன் கணக்கை அவிழ்த்தார். கழுவும் முன்பே குழாயின் வாயை அளந்து வைத்தாராம், குறுக்கே எட்டு சென்டிமீட்டர். ஐநூற்றிரண்டு லிட்டர், ஐம்பதாயிரத்துச் சொச்சம்.

"அது உப்போட அளந்தது, முதலாளி. இப்ப அளங்க, பத்து இருக்கும். பாதி அஞ்சு. அஞ்சஞ்சு இருபத்தஞ்சு. இருபத்திரண்டால பெருக்கி ஏழால வகுத்து, நீளத்தால பெருக்குங்க. எழுநூத்தி எண்பத்தஞ்சு லிட்டர்."

"கூப்பிட்டப்ப எப்படி இருந்ததோ அதுக்குத்தாம்மா கூலி."

"அப்ப கரைச்ச உப்பைக் காய்ச்சித் திரும்ப உள்ள பூசிட்டுப் போறேன். ஐம்பதாயிரம் போதும்."

வாட்ச்மேன் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி விடவில்லை. வாய் பத்துதான், நடுவயிற்றில் உப்பு அப்படியே இல்லையென்று என்ன நிச்சயம் என்றார். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இருநூறு லிட்டர் டிரம் நாலுல தண்ணி நிரப்பி வைங்க. என் கணக்குக்கு ஒரு வாளி தண்ணி மிஞ்சும். அதுக்கு மேல மிஞ்சினா எனக்கு ஒரு காசு வேணாம்."

மறுமுனையை அடைத்து, காற்றுப் போக மேலே ஒரு சின்ன வால்வை மட்டும் திறந்துவிட்டுப் பம்பை ஓட்டினாள். மூன்று டிரம் காலி. நாலாவது பாதி இறங்கியது. வண்டிக்காரனிடம் கயிற்றை எடுக்கச் சொல்லிவிட்டுப் பம்பின் மேல் கை வைத்தார் அக்கா புருஷன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரம்மின் அடி தெரியத் தொடங்கியபோது வால்வின் வழியே தண்ணீர் பீய்ச்சியது. பம்பை நிறுத்தி, மிச்சத்தை வாளியில் கவிழ்த்தாள். வாளிகூட நிரம்பவில்லை.

முதலாளி வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார். எழுபத்தெட்டாயிரத்து ஐநூறு.

அக்கா புருஷன் பம்பின் மேல் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"அந்தக் கையை எடுத்து இப்படி நீட்டுங்க, அத்தான்."

நீட்டினார். விரிந்த உள்ளங்கையில் எழுபதாயிரத்தையும், வாசலுக்கே கேட்கும்படி, ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தாள்.