மாமியின் வெள்ளிக்கிழமைப் பங்கு

புளியங்குளத்திலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸில் வவுனியாவுக்கு வேலைக்குப் போகிறவள் நான். அதனால் ஞாயிறன்றே முட்டையை லீக்ஸ், வெங்காயம், மிளகாயுடன் அடித்து, சின்னக் குழிகள் உள்ள கேக் தட்டில் ஊற்றி, அவணில் சுட்டு, கிழமை முழுவதற்கும் பிரிட்ஜில் வைத்துவிடுவேன்.

என் கணவரின் தாய், மாமிக்கு மட்டும் வெள்ளிக்கிழமைக்கென்று கடலைமாவில் தனியாகச் சுட வேண்டும். போரில் காணாமல் போன இளைய மகன் திரும்பும்வரை வெள்ளியில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை என்பது அவருடைய நேர்த்திக்கடன். முட்டையும் மச்சம்தான்.

ஒரு ஞாயிறு, அலுப்பில் தனி மாக் குழைக்காமல், எங்கள் முட்டைக் கலவையிலேயே கொஞ்சம் கடலைமாவும் கறித்தூளும் போட்டு அவருடைய குழிகளையும் நிரப்பினேன்.

"இந்தமுறை நல்ல மெத்தெண்டு இருக்குப் பிள்ளை," என்றார் மாமி. பிறகு ஒவ்வொரு கிழமையும் அப்படியே சுட்டேன்.

ஒரு வெள்ளி, நான் சூடாக்கிக் கொடுத்ததில் பாதித் துண்டு கையில் இருக்க, சொன்னார்: "ஒரு வெள்ளியும் விரதம் பிழைக்க விடேல்லை. பிறகும் அவன் வரேல்லை. என்ர விரதம் இவ்வளவு காணாது போல. இனிச் செவ்வாயும் பிடிக்கப்போறன்."

"சாப்பிடுங்கோ மாமி, ஆறப்போகுது," என்றேன்.

உண்மை தெரிந்தால் அவர் தாங்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஒன்றும் சொல்லாமலே, அடுத்தமுறை கடலைமாவை மட்டும் குழைத்திருக்கலாமே. செவ்வாய்க்கும் அதையே கொடுத்தேன்.