அணைத்துவிட்டேன் என்று சொன்ன நெருப்பு

லண்டன் ஹரோவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேருகிற முகாம் இடம்தான். என் கணவர் இவர் செய்த ஆயத்தத்தைப் பார்த்திருந்தால் நடுக்காட்டுக்குப் போகிறோம் என்று நினைப்பீர்கள். உள்ளேயே படுத்துறங்கலாம் என்று வாடகைக்கு எடுத்த கேம்பர் வானை நிறுத்தியதும், நெருப்பு மூட்டுகிற கல் வளையம் எவ்வளவு தூரம் என்று அடி எண்ணினார். காய்ந்த இலைகளைக் கூட்டித் தள்ளினார். ஒரு வாளி தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.

“தீயணைப்புப் படைக்கும் சொல்லிப்போட்டோ வந்தனீங்கள்?” என்றேன். ஏழு வயது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மதியம் அந்த நெருப்பில் சோறும் கோழிக்கறியும் ஆக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, கறி அபாரம். சாப்பிட்டு முடிய நடக்க வெளிக்கிட்டோம்.

“தண்ணியை ஊத்தி, கிளறி, வடிவா அணைச்சுப்போட்டு வாரும்,” என்று சொல்லிவிட்டு இவர் மகளோடு முன்னால் போனார்.

சமைத்த அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதா? வீட்டுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஹரோ வீட்டில் இருப்பது கரண்ட் அடுப்பு. அதனால் இத்தனை வருடமும் அந்த நம்பிக்கைக்கு ஒரு சோதனையும் வரவில்லை. பின்னேரத் தேத்தண்ணிக்கும் தணல் வேண்டும்தானே. சாம்பலை அள்ளித் தணலை மூடினேன். புகைகூட வரவில்லை.

“அணைச்சிட்டீரோ?”

“ஓமோம், அணைச்சிட்டன்.” வாய் கூசாமல் சொன்னேன்.

திரும்பி வந்ததும் நான் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைக்கக் கேத்தல் எடுக்க வானுக்குள் ஏறினேன். வெளியே இவர் மகளுக்குப் பாடம் நடத்தும் குரல் கேட்டது.

“கண்ணால பாத்து நம்பக்கூடாது. தொட்டுப் பாக்கவேணும். சாம்பல் குளிர்ந்திருந்தால்தான் நெருப்பு அணைஞ்சது.”

எட்டிப் பார்த்தேன். இருவரும் வளையத்தருகே குந்தியிருந்தார்கள். மகள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“தொடாதை பிள்ளை!”

என் கத்தலில் அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்குக் காட்டவென்று முதலில் போன இவருடைய விரல்கள் சாம்பலுக்குள் இருந்தன.

தான் கொண்டுவந்த வாளிக்குள்ளேயே கையை விட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தார். மூன்று விரல்கள் கொப்பளித்துவிட்டன. எனக்கு அழுகையும் வெட்கமுமாக வந்தது. சாம்பல் நனையாமல் கிடந்ததைக் கவனிக்கவில்லையா என்று, குற்றம் என்னுடையதாக இருக்க, அவரிடமே கேட்டேன்.

“நீர் அணைச்சனான் எண்டு சொன்னனீர்தானே,” என்றார். அவ்வளவுதான்.

விரல்கள் ஆறிவிட்டன. இவர் அந்தக் கதையை எடுப்பதே இல்லை. ஆனால் இன்றைக்கும் கறியை இறக்கிவிட்டு, “அடுப்பை நிப்பாட்டிட்டன்,” என்று நான் சொன்னால், மகள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.