எந்த ஃப்ரீ சார்?

போன செவ்வாய்க்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேட்டரி கம்பெனிக்குப் போயிருந்தேன். அவர்களுடைய தமிழ் நோட்டீஸ்களில் பிழை திருத்துவது என் உபதொழில். இந்தப் பத்தியை மட்டும் நம்பினால் வீட்டில் அடுப்பு எரியுமா என்ன?

உள்ளே எக்ஸ்போர்ட் மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டெல்லா. ஆவடியிலிருந்து வருபவர், கம்பெனிக்காக ஸ்பானிஷில் மொழிபெயர்த்துத் தருபவர்.

விஷயம் இதுதான். பெரு நாட்டுக்குப் போன பேட்டரிப் பெட்டிகளில் ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்பதை ஸ்பானிஷில் அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அந்த ஊர் டீலர் கேட்கிறாராம் — ‘இலவசமாகப் பராமரிக்க உங்கள் ஆள் எப்போது வருவார்?’

“உங்களால கம்பெனி மானமே போச்சு மேடம்! எஸ்டேட்ல இருக்கிற அத்தனை கம்பெனிக்கும் மெயில் போடறேன். இனிமே எவன் உங்களுக்கு வேலை தரான்னு பாக்கறேன்.”

ஸ்டெல்லாவின் முகம் சிவந்துவிட்டது. மேனேஜருக்குத் தான் அனுப்பிய ஒரு பழைய மெயிலைப் போனில் எடுத்து மேஜைமேல் வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இதற்கெல்லாம் வெட்கப்பட்டால் பத்தி எழுத முடியுமா?

‘எந்த ஃப்ரீ சார்? ஸ்பானிஷில் கிராதிஸ் என்றால் காசு வாங்காமல் கொடுக்கும் ஃப்ரீ. லீப்ரே என்றால் வேறு வேலை இல்லாமல் இருக்கும் ஃப்ரீ. சின் என்றால் இல்லாமல். பராமரிப்பு தேவையில்லை என்பதால் சின் போட்டிருக்கிறேன்.’

அதற்குக் கீழே மேனேஜரின் பதில்...

‘சின் என்றால் பாவம். பெட்டிமேல் பாவம் என்று எவனாவது போடுவானா? கிராதிஸ் என்று நானே மாற்றிவிட்டேன். ஃப்ரீ என்றால் ஃப்ரீதான்.’

எப்படி? ஸ்பானிஷ் வார்த்தைக்கு இங்கிலீஷில் அர்த்தம் பார்த்த மேதாவி! நாலு வார்த்தை இங்கிலீஷ் வந்துவிட்டால் போதும், உலகத்து மொழியெல்லாம் தன் வீட்டு வேலைக்காரன் என்று நினைப்பு. பூந்தமல்லியில் ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட் வாங்கினால், ‘ஃப்ரீ சர்க்கரை எங்கே?’ என்று கேட்பாரோ இவர்? கேட்டாலும் கேட்பார். படித்தவர் ஆயிற்றே.

பெட்டிகளின் கணக்குத் தாளோடு வந்து நின்ற ஸ்டோர் கீப்பர் முனுசாமிக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா சார்... மெயின்டனன்ஸ் ஃப்ரீன்னா தண்ணி ஊத்த வாணாம்னு அர்த்தம். எங்க ஊட்டு பேட்டரிலயும் அத்தான் போட்டுகீது. அத்த பாத்துட்டு நான் இன்னா ஓசில மெக்கானிக்கையா இட்டாந்தேன்?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தேன். தன் கைப்பட எழுதிய மெயில் எதிரே கிடக்கும்போது மனிதர் எங்கே போய் ஒளிவார்?

தண்ணீர் குடித்தார். குரல் இறங்கியது. மன்னிப்பு? அதெல்லாம் இவர்கள் அகராதியில் எந்த மொழியிலும் கிடையாது.

“சரி மேடம்... நான் யாருக்கும் மெயில் போடலை. நீங்க சொன்ன வார்த்தையையே போட்டுடலாம். எல்லாப் பெட்டிக்கும் புது ஸ்டிக்கர் அடிக்கணும், கூடவே டீலருக்கு ஸ்பானிஷ்ல ஒரு விளக்கக் கடிதம். எனக்காக ஒரு சின்ன ஹெல்ப்பா நினைச்சுக்கங்க... நாளைக்கு நீங்க ஃப்ரீயா?”

ஸ்டெல்லா போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“லீப்ரேதான் சார். கிராதிஸ் இல்ல.”