சாம்பாருக்கு நறுக்கிய விதைகள்

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஊதுபத்தி உருட்டும் எனக்குக் கடலோரம் புதிது. மூன்று வருடங்களுக்கு முன், சிதம்பரம் பக்கம் கடலோர ஊரிலிருக்கும் நாத்தனார் செல்வி கடிதம் போட்டு அழைத்ததால் போயிருந்தேன்.

காலையில் அவள் மீன் வாங்கப் போயிருந்தாள். பின்கட்டில் ஈரச் சாக்குக்கு அடியில் நீள நீளமாக முருங்கைக்காய் குவிந்திருந்தது. அவள் வருவதற்குள் சாம்பார் வைத்துவிடலாம் என்று நறுக்க ஆரம்பித்தேன். கட்டை மாதிரி இருந்தது. முற்றல் போலும் என்று இன்னும் இளசாகத் தேடித் தேடி நறுக்கினேன்.

திரும்பி வந்த செல்வி மீன் கூடையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அண்ணி! என்ன காரியம் பண்ணிட்டீங்க! இது முருங்கைக்காய் இல்ல, சுரபுன்னை மரத்தோட விதை. புயல்ல அழிஞ்ச அலையாத்திக் காட்டுல நடறதுக்காக ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் ஒரு வாரமா சேத்துல இறங்கிப் பொறுக்கினது!"

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நல்லவேளை, பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. அன்றே அந்தப் பெண்களோடு படகில் போய், முழங்கால் சேற்றில் நின்று, நறுக்கிய அளவுக்குப் பொறுக்கி வந்தேன். ஒருத்தி கூடத் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

இப்போது யார் வீட்டிலும் கேட்காமல் அரிவாள்மணையைத் தொடுவதில்லை. வருடாவருடம் நடவுக்குப் போய்விடுகிறேன். முதல் வருடம் நான் நட்டவை இடுப்புயரம் வளர்ந்துவிட்டன. அவற்றைத் தொட இன்னும் கை கூசுகிறது.

– வசந்தா, மைசூர்