எடுவிஹிஸ் வீட்டுக் கதவு

நவம்பர் முதல் தேதி காலையில் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரத்து ஹெத்செமனி பேட்டை, பானை மூடியையும் கரண்டியையும் தட்டிக்கொண்டு, பொதுச் சமையலுக்கு வீடு வீடாகக் கேட்கப் போகும். ஒரு வீட்டில் மரவள்ளிக்கிழங்கு, இன்னொன்றில் சோளம், வசதியான வீட்டில் மாட்டெலும்பு. எல்லாம் நடுத்தெருவில் ஒரே பானையில் கொதிக்கும். பானை எடுவிஹிஸுடையது. சட்டமும் அவளுடையதுதான்: இந்தத் தெருக் கதவு வழியாக வந்ததுதான் பானைக்குள் போகும்.

சட்டம் போட்டபோது கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். இப்போது அவள் வீடு தவிர மற்றதெல்லாம் விடுதி. சுவருக்கு மாம்பழ மஞ்சள் அடித்து, 'அசல் பேட்டை வாழ்க்கை' என்று பலகையும் மாட்டிவிட்டார்கள். அசல் ஆட்கள் வாடகை கட்ட முடியாமல் ஊர்க்கோடிக்குப் போய்விட்டார்கள்.

இன்று பானை கொதிக்காவிட்டால் இனி எப்போதும் கொதிக்காது என்று எடுவிஹிஸுக்குத் தெரியும். ஆனாலும் கிழங்கு மூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய பழைய பக்கத்து வீட்டுக்காரி ரோஸ்மிராவை மறித்தாள்.

"எந்தத் தெருக் கிழங்குடி இது?"

"எங்க கொல்லையில வெளஞ்சது."

"உங்க கொல்லை எங்க இருக்கு? செல்லாது, போ."

"அடிப்பாவி! ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்!"

எடுவிஹிஸ் காதில் வாங்காமல் எதிர் விடுதிக் கதவைத் தட்டினாள். தலைநகரிலிருந்து வந்த இளம் மேலாளர் எட்டிப் பார்த்தான்.

"மேடம், கொஞ்சம் மெதுவாத் தட்டுங்க, கெஸ்ட் தூங்குறாங்க. ஆனா பத்து மணிக்கு நல்லாத் தட்டுங்க, படம் எடுக்க வருவாங்க."

பிறகு பானைக்கென்று ஒரு பொட்டலம் சத்துத் தானியமும், அன்புக்கென்று ஒரு குட்டி ஷாம்பூவும் கொடுத்தான்.

ரோஸ்மிரா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போடு, போடு! சட்டப்படி வந்த சரக்கு. பாதியைக் குடிப்போம், மீதியில தலை குளிப்போம்."

எடுவிஹிஸ் ஷாம்பூவை முறைத்தாள். பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் போட்ட இரண்டு வாழைக்காய் மட்டும் கிடந்தது. சட்டென்று ரோஸ்மிராவை மூட்டையோடு தன் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வெளியே நின்று கரண்டியால் ஓங்கித் தட்டினாள்.

"யாருடி அது காலங்காத்தால?" என்றது உள்ளிருந்து குரல்.

"பானைக்கு ஏதாவது போடு தாயி!"

"வருசா வருசம் இதே பிச்சையா உனக்கு?" கதவு திறந்தது, கிழங்கு வந்தது.

அடுத்த பஸ்ஸில் வந்த பழைய தெருக்காரர்களும் விஷயம் புரிந்து, எலும்பும் சோளமுமாக அவள் வீட்டுக்குள் முண்டியடித்தார்கள்.

மேலாளர் ஓடி வந்தான். "மேடம், அருமை! எங்க கெஸ்ட்டும் உள்ள போய்ப் பார்க்கலாமா?"

"உள்ள இடமில்ல தம்பி," என்று பொட்டலத்தையும் ஷாம்பூவையும் அவன் கையிலேயே திணித்துவிட்டு, எடுவிஹிஸ் மறுபடி தட்டினாள்.