வாலில் மட்டும்தான் நெருப்பு

பக்கத்துக் காலி மனையில் யாரோ பழைய சோபாவைக் கொளுத்திவிட்டார்கள். அம்பத்தூரில் இது புதிதில்லை. வீடு மாற்றுகிறவர்கள் தூக்கிப்போட முடியாததை எரித்துவிட்டுப் போகிறார்கள். ஸ்பாஞ்சு எரியும் வாடை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. முதலில் லேசாக இனிக்கும். அப்புறம் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. ஜன்னலைச் சாத்தினேன், கதவைச் சாத்தினேன். என் மூஞ்சியைப் பார்த்த மனைவி, "இன்னா ஆச்சு?" என்றாள். "ஒரு படம் ஞாபகம் வந்துச்சு" என்றேன். சினிமாதானே என்று போய்விட்டாள்.

சினிமாதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய குழந்தைகள் படம். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆவடியில் மூன்று வாரம் ஓடியது, அதுவும் பள்ளிக்கூடங்களின் புண்ணியத்தில். அதை எடுத்தவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது தேடுவார்கள். தேடப்படுகிற சந்தோஷத்தை அந்த மனுஷருக்கு நான் எதற்குத் தர வேண்டும்?

நான் கவிதை எழுதத்தான் சினிமாவுக்குப் போனேன். முதல் நாளே கையில் ஒரு கோணி ஊசியைக் கொடுத்தார்கள். உதவி இயக்குநர்களில் கடைசி ஆள் நான். எனக்குப் பின்னால் டீ கேன்தான் இருந்தது. கதை என்னவென்றால், ஏரியிலிருந்து ஒரு பூதம் எழுந்து வந்து காலனிப் பிள்ளைகளோடு சிநேகமாகிறது. பிள்ளைகள் வைத்த பெயர் புசுக்கு. கணக்குப் பாடம் செய்து தரும், ஒரு அண்டா இட்லி தின்னும், வில்லனைப் பார்த்துத் தும்மினால் அவன் வேட்டி பறக்கும். கடைசியில் எல்லோருக்கும் டாட்டா காட்டிவிட்டு ஏரிக்குள் போய்விடும். அவ்வளவுதான். அந்த டாட்டாவுக்கு நான் நாலு வரி எழுதி வைத்திருந்தேன். நல்ல வரிகள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என்னைத் தவிர ஒருத்தரும் படித்ததில்லை.

புசுக்கைச் செய்தவன் இலியாஸ். பூந்தமல்லியில் வண்டிகளுக்கு சீட் தைக்கிற கடை வைத்திருந்தான். ஆட்டோ சீட்டு, புல்லட் சீட்டு, ஒரு தடவை பல் டாக்டரின் நாற்காலிகூட. ஸ்பாஞ்சை வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டி, மேலே பச்சை ரெக்சின் போர்த்தி ஏழடிக்கு ஒரு பூதத்தை நிறுத்திவிட்டான். அதை மாட்டிக்கொள்ளக் கூட்டி வந்த ஸ்டண்ட் ஆள் அரை மணியில் மயங்கி விழுந்தான். இலியாஸ் சிரித்தான். "நான் தெச்ச சட்டை, நானே போட்டுக்கறேன் சார்." போட்டுக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினான் பாருங்கள், லைட்மேன்கள் விசில் அடித்தார்கள்.

அவனுக்குப் பர்வீன் என்று ஆறு வயதில் ஒரு மகள். தாயில்லாத பிள்ளை. தியேட்டரில் பெரிய பூதமாக அத்தா ஆடுவதைக் காட்டுகிறேன் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தான். வாரத்தில் ஒரு நாள் ஷூட்டிங்குக்கும் அழைத்து வருவான். என்னை அவள் 'கவித மாமா' என்பாள். என்னைக் கவிஞன் என்று ஒப்புக்கொண்ட முதல் வாசகி.

கோணி ஊசிக்கு வருகிறேன். ஜிப் வைத்தால் கேமராவில் தெரியும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அதனால் காலையில் இலியாஸை உள்ளே நிறுத்தி, முதுகை மேலிருந்து கீழ்வரை நைலான் நூலால் தைத்துவிட வேண்டும். சாயங்காலம் பிளேடால் பிரித்து எடுக்க வேண்டும். இரண்டும் என் வேலை. நடுவில் மோர் குடிப்பதானால் பூதத்தின் வாய் வழியாக ஸ்ட்ரா. "மெதுவா குத்து மாமே, உள்ள ஆள் கீறேன்" என்பான் தினமும், தினமும் அதே இடத்தில். தினமும் சிரிப்பேன். சாயங்காலம் பிரித்தால் ஒரு வாளி வேர்வையோடு வெளியே வந்து, முதல் வேலையாகத் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொள்வான், இருக்கிறதா என்று. பர்வீன் வந்திருக்கும் நாளில் தைப்பதையும் பிரிப்பதையும் அவள் கண்ணில் படாமல்தான் செய்வோம், பிள்ளை பயந்துவிடும் என்று.

கடைசி நாள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஒரு ஷெட். பூசணிக்காய் வாங்கி வைத்தாயிற்று. சாயங்காலம் உடைத்தால் படம் முடிந்தது. இயக்குநர் வந்தவுடன் சொன்னார்: "டாட்டா காட்டிட்டுப் போனா எவன்யா அழுவான்? காலனி ஜனங்க பயந்துபோய் அதைக் கொளுத்திடறாங்க. பசங்க கதறுது. அங்க முடிக்கறோம்."

இலியாஸ் பூதத்தின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "சார், இது பூரா சொல்யூஷன். பத்திக்கும்."

"வால்ல மட்டும்தான்யா. ரெண்டு செகண்டு. நான் இல்ல?"

நான் தைத்தேன். அன்றைக்கு அவன் அந்த வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. நானும் நூலை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நகர்ந்தேன். கடைசி நாளில்லையா, பெயர் போடுகிற பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பாரா மாட்டாரா என்பதில் இருந்தேன்.

சினிமாவில் ஒரு பழக்கம் உண்டு. இயக்குநர் 'கட்' சொல்லும்வரை ஒருத்தரும் பிரேமுக்குள் போகக்கூடாது. பாம்பு வந்தாலும் சரி, மழை வந்தாலும் சரி. அதை எங்களுக்குத் திட்டித் திட்டிப் பழக்கியிருந்தார்கள். வாலில் வைத்த நெருப்பு நாங்கள் மூச்சுவிடுவதற்குள் முதுகுக்கு ஏறியது. இலியாஸ் ஓடினான், தடுக்கி விழுந்தான், எழுந்தான். 'அம்மா' என்று கத்தினான். அந்தச் சத்தம் ஷெட்டின் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. நான் ஒரு கையில் ஈரச்சாக்கும் இன்னொரு கையில் பிளேடுமாக நின்றேன். இயக்குநரைப் பார்த்தேன். அவர் கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல், எங்களைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். பொறு என்று.

பொறுத்தோம். நாற்பது பேர்.

கடைசியில் ஒரு வயசான லைட்மேன்தான், "இன்னாடா நிக்கிறீங்க பாவிங்களா!" என்று கத்திக்கொண்டு ஓடி அவன்மேல் விழுந்தார். அதற்குப் பின்னால்தான் என் கால் நகர்ந்தது. பிளேடு வைத்த இடத்தில் ரெக்சினும் தோலும் ஒட்டியிருந்தன. இதற்கு மேல் எழுத வேண்டாம்.

முதுகும் இடது தோளும் ஒரு காதும் போயின. ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரி. இயக்குநர் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். "ஊரே பேசப்போவுது இலியாஸ்" என்றார். படுத்திருந்தவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "என் கொரல் வராதுல்ல சார்? என் பொண்ணு பாக்கும்." வராது, மாட்டுச் சத்தம் போட்டிருக்கிறேன் என்று என் முன்னால்தான் சொன்னார்.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஆவடிக்குப் போனோம். பர்வீன் நடுவில். இடைவேளைவரை தியேட்டரே குதித்தது. தும்மலுக்கு வேட்டி பறந்தபோது அவள் சீட்டின்மேல் ஏறி நின்று, "அது எங்கத்தா!" என்று பின்வரிசைக்கெல்லாம் சொன்னாள். அப்புறம் நெருப்பு வந்தது. மாட்டுச் சத்தம் வரவில்லை. 'அம்மா' என்றுதான் வந்தது, நாலு மூலையிலிருந்தும். ஷூட்டிங்கில் பதிவான அதே குரல். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். யாரோ கைதட்டினார்கள். பர்வீன் அழவில்லை. இலியாஸின் காதில்லாத பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. இலியாஸ் இயக்குநரின் வீட்டுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். குரலை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றான். நானும் கூட இருந்தேன். "அதான்யா படத்தோட உயிரே" என்றார் அவர், ஊஞ்சலில் ஆடிக்கொண்டே. திரும்பி வருகிற பஸ்ஸில் இலியாஸ் என் தோளை அளவெடுப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தான். மாங்காடு தாண்டும்போது, "இன்னா சைஸ் இருப்பாரு அவரு? உன் ஒசரந்தான?" என்று கேட்டான். தையல்காரன் கேள்வி. எனக்கு உடனே புரிந்தது. உண்மையைச் சொன்னால், வயிற்றில் சில்லென்று ஒரு சந்தோஷம்.

மூன்றாவது ஞாயிறு பள்ளிப்பிள்ளைகளுக்குத் தனிக் காட்சி. இயக்குநருக்கு மாலை போடுவதாகவும், படம் முடிந்ததும் புசுக்கு நேரில் மேடையேறுவதாகவும் ஏற்பாடு. இயக்குநரே கடைக்கு வந்தார், இன்னொரு புசுக்கு தைத்து மாட்டிக்கொண்டு வரச்சொல்லி. இலியாஸ் பணிவாகச் சொன்னான்: "தைக்கறேன் சார். ஆனா என் முதுகு வளையாது. நீங்களே போட்டுக்கங்க. பசங்க முன்னாடி தலையக் கழட்டுனா, அட டைரக்டருன்னு தியேட்டரே ஆடிப்பூடும்." அவர் மூஞ்சி மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பர்வீனை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு வந்து, திரைக்குப் பின்னால் இலியாஸ்தான் தைத்தான். நான் டார்ச் பிடித்தேன். தலையையும் கழுத்தோடு சேர்த்து இரட்டை நூலில் தைத்தான். நான் பார்த்தேன், டார்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். பூதம் மேடைக்குப் போயிற்று.

சித்திரை மாதம். தியேட்டரில் பாதி மின்விசிறி ஓடாது. பிள்ளைகள் மேடையில் ஏறி வாலைப் பிடித்து இழுத்தார்கள், வயிற்றில் குத்தினார்கள், ஒரு பொடியன் காலைக் கடித்தான். கொஞ்ச நேரத்தில் பூதம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்து இழுத்தது. வரவில்லை. மறுபடி இழுத்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இலியாஸ் பக்கத்தில் போய், இல்லாத காதை அதன் வாயில் வைத்தான்.

"கட் சொல்லுங்க சார். நீங்க சொல்லாம எப்டி எடுக்கறது?"

உள்ளேயிருந்து என்னவோ கேட்டது.

"இன்னா சார்? கேக்கல."

பூதம் முட்டி போட்டது. தியேட்டர் மேனேஜர் சந்தேகப்பட்டு எழுந்து வந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினேன். "நடிப்பு சார்" என்றேன். அந்தக் கை எனக்கு அவ்வளவு லேசாக உயர்ந்தது. நல்லவன் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த வயசு அது.

பூதம் குப்புற விழுந்து, கையால் மேடையைத் தட்டியது. தட்டுவது மெள்ள மெள்ளக் குறைந்தது. இலியாஸ் பிளேடைப் பையிலிருந்து எடுத்தான். அப்போதுதான் முன்வரிசையிலிருந்து பர்வீன் மேலே வந்தாள். குனிந்து பூதத்தின் கண் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தாள். யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அத்தாவின் சட்டையைப் பிடித்து, வீட்டில் இன்னொரு தோசை கேட்கிற குரலில் சொன்னாள்:

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் அத்தா."

இலியாஸ் மகளின் முகத்தைப் பார்த்தான். நெருப்புக்குள் இருந்தபோது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, இப்போது பார்த்தேன். கழுத்திலிருந்து வால்வரை ஒரே இழுப்பில் கிழித்தான். இரண்டு கையையும் உள்ளே விட்டு அந்த ஆளை வெளியே இழுத்துப் போட்டான். வாந்தியும் வேர்வையுமாக ஒரு மனுஷர் கிடந்தார். பிள்ளைகள் ஒரு நிமிஷம் திகைத்து, அப்புறம் கைதட்டினார்கள். யாரும் போலீசுக்குப் போகவில்லை. போனால் ஷெட்டில் வைத்த நெருப்பைப் பற்றியும் பேச வேண்டிவரும் என்று இயக்குநருக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமையே படத்தைத் தூக்கிவிட்டார்கள். இப்போது அந்தத் தியேட்டர் இல்லை. அங்கே கார் நிறுத்துகிறார்கள். ஷெட் இருந்த இடத்தில் கண்ணாடி ஆபீஸ். இலியாஸின் கடை இருந்த வரிசை, டிரங்க் ரோட்டில் மெட்ரோ தூணுக்கு வழிவிட்டுப் போயாயிற்று. அதற்கு வெகுநாள் முன்பே அவன் மகளோடு வாணியம்பாடிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். படத்தின் பிரிண்ட் எங்கும் கிடையாது. கேசட் வரவில்லை, எந்த டிவியிலும் போடவில்லை, இணையத்தில் ஒரு துண்டுகூடக் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தரம் தேடிப் பார்க்கிறேன், இல்லை என்று தெரிந்துகொள்வதற்காகவே. ஒரு மனுஷர் செய்த ஒரே படம் உலகத்தில் இல்லாமல் போனதில் இன்றைக்கும் எனக்கு மனசு குளிர்கிறது. அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, தியேட்டரிலிருந்து ஆவடி பஸ் ஸ்டாண்டுவரை இலியாஸோடும் பர்வீனோடும் நடந்து போனேன். பூந்தமல்லி பஸ் நின்றிருந்தது. பர்வீன் ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். டிரைவர் ஏறி உட்கார்ந்த பிறகு, இலியாஸ் படியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தான். தோளில் கை போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. அவளுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னான்:

"என்னை உள்ள வெச்சித் தெச்சது யாருன்னு தெனம் கேக்கறா மச்சான். நான் சொல்லல. நீ இனிமே வூட்டாண்ட வராத."