ஆளில்லாத தீவுகளுக்கு இரண்டு வக்கீல்கள்

மதுரையில் சட்டம் படித்த நான்காம் ஆண்டில், நடுக்கடலில் கிடந்த ஒரு சிறு தீவுக் கூட்டத்தை வைத்து என் நெருங்கிய தோழிமேல் எனக்குப் பொறாமை வந்தது. அந்தத் தீவுகளை நாங்கள் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. கல்லூரிகளுக்கிடையிலான மாதிரி நீதிமன்றப் போட்டிக்காக யாரோ ஒரு பேராசிரியர் கற்பனை செய்து அனுப்பிய தீவுகள் அவை.

மூட் கோர்ட் என்று சொல்லுவோம். மாணவர்களே வழக்கறிஞர்களாக நின்று வாதாட வேண்டும். அந்தப் போட்டியில் கல்லூரிக்கு ஓர் அணி, அணிக்கு இரண்டு பேர். ஒருவர் பேசுவார். மற்றவர் ஆய்வாளர். பழைய தீர்ப்புகளைத் தேடிப் படிப்பதும், பேசுபவருக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, தேவைப்படும்போது சீட்டில் எழுதித் தள்ளுவதும் அவர் வேலை.

வழக்கு இதுதான். இரண்டு நாடுகள். இரண்டு கரைகளிலிருந்தும் வெகு தொலைவில் மரம்கூட இல்லாத சில தீவுகள். வடக்கு நாட்டிடம் அந்தத் தீவுகளைத் தன் நிறத்தில் காட்டும் பழைய வரைபடங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு கலங்கரை விளக்கத்தையும் அது கட்டியிருக்கிறது. தெற்கு நாட்டிடம் காகிதம் எதுவும் இல்லை. அதன் மீனவர்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பருவத்துக்குப் பருவம் அங்கே போய்த் தங்கி, மீனைக் காயவைத்து, கிணறு தோண்டி, இறந்தவர்களை அங்கேயே புதைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். தீவுகள் யாருக்கு?

இதை வீட்டில் சொன்னபோது, சோழவந்தான் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் என் அப்பா சிரித்தார். “குடிக்கத் தண்ணி இல்லாத எடத்துக்கா ஆத்தா இம்புட்டுச் சண்டை?” என்றார். “கடல்ல மீன் இருக்குல்லப்பா, அடியில எண்ணெய் இருக்குல்ல,” என்றேன். “அப்பன்னா சரி,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.

எனக்கு அது விளையாட்டாக இல்லை. சர்வதேசச் சட்டம் நடத்திய மேடத்தைத் தெய்வமாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருவேன். தன் சொந்தப் புத்தகங்களை மேடம் எனக்கு மட்டும்தான் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவார். சமயநல்லூர் தாண்டி பஸ் ஆடி ஆடிப் போகும்போது அவற்றை மடியில் வைத்துப் படிப்பேன். ஓரங்களில் மேடம் பென்சிலால் எழுதியிருக்கும் குறிப்புகளைப் பாடத்தைவிடக் கவனமாகப் படிப்பேன். பேசப்போவது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் தோழி அப்படியெல்லாம் படிக்கிறவள் இல்லை. தாமதமாக வருவாள், நோட்டின் ஓரத்தில் பூ வரைவாள், தேர்வுக்கு முதல் நாள் என் நோட்டை வாங்கிப் போவாள். தெற்குமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். அப்பாவுக்குச் சின்ன ஜவுளிக்கடை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனால் அவளுடைய அம்மா புளியோதரை போட்டுக்கொண்டே இருப்பார். தங்களுக்குள் அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு அவள் எனக்குத் தமிழில் சொல்வாள். சொல்லும்போது பாதிச் சிரிப்பு காணாமல் போயிருக்கும். வெளியாருக்குப் புரியாத ஒரு பேச்சு எங்கள் வீட்டுக்குள் கிடையாதே என்று அப்போதே எனக்கு லேசாக ஏக்கம் உண்டு.

ஒருமுறை அவளுடைய அப்பாவிடம் கேட்டேன். “உங்களுக்குப் பூர்வீகம் குஜராத்தாப்பா? அங்க சொந்த ஊரு எது?”

அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “சொந்த ஊரா? இதுதாம்மா. வேற எது?”

கேட்டது தப்போ என்று கூச்சமாகிவிட்டது. அவள் ஒன்றும் நினைக்காமல் என் இலையில் அப்பளத்தை வைத்தாள்.

அணியில் யார் பேசுவது என்று பார்க்க மேடம் எங்கள் இருவரையும் எதிரெதிராக வாதாடச் சொன்னார். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வடக்கு நாடு. எனக்குச் சந்தோஷம். வரைபடம், கலங்கரை விளக்கம், அரசாணைகள் என்று எல்லாமே என் பக்கம். உலக நீதிமன்றம் தீவுகளைப் பற்றிச் சொன்ன தீர்ப்புகளை வரிசையாக அடுக்கினேன். ஒரு தடுமாற்றமும் இல்லை. மேடம் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

பிறகு அவள் எழுந்தாள். கையில் ஒரு தாள்கூட இல்லை. மீனவர்கள் கரையை விட்டுக் கிளம்பும் காலையிலிருந்து ஆரம்பித்தாள். எந்தத் தீவில் நல்ல தண்ணீர் ஊறும், எந்தத் தீவில் ஆமை முட்டையிடும் என்பதை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைச் சொன்னாள். ஒவ்வொரு தீவுக்கும் அவர்கள் மொழியில் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும் என்றாள். “ஓர் இடத்துக்குப் பெயர் வைத்து, அங்கே இறந்தவரைப் புதைத்துவிட்டு, அடுத்த பருவத்திலும் அங்கேயே வருகிறவர்களிடம் போய், இது உங்கள் இடம் என்பதற்குக் காகிதம் எங்கே என்று கேட்கிறார் என் எதிர்த்தரப்பு நண்பர்,” என்று என் பக்கம் கையைக் காட்டினாள். வாதமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் அவள் அப்பா அன்று சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கியது என் கண்முன் வந்து போனது.

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசியபோது அவர் பேனாவை வைக்கவில்லை.

“நீ பேசு,” என்று அவளிடம் சொன்னார். என்னைப் பார்த்து, “நீ இல்லாம இந்த அணியே கெடையாது. ஆராய்ச்சி உன் பொறுப்பு,” என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். “சரி மேடம்,” என்றேன்.

அடுத்த வாரங்களில் நான் நூலகத்தில் இருந்தேன், அவள் மேடத்தின் அறையில் இருந்தாள். நூலக ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த அறையின் கதவு தெரியும். பயிற்சி நடக்கும். நடுவில் சிரிப்புச் சத்தம் வரும். மேடம் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஒரு நாள் நான் தேடியெடுத்த தீர்ப்புகளைக் கொடுக்கப் போனபோது, இருவரும் ஒரே டிபன் பாக்ஸிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுப் புளியோதரை. “வாடி, ஒனக்குந்தான் எடுத்து வச்சிருக்கேன்,” என்றாள். எனக்கு எடுத்து வைத்திருந்தது உண்மைதான். “பசிக்கல,” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மதியம் முழுக்கப் பசித்தது.

அவள் எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஏதாவது செய்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். நான் எழுதிய வாதங்களை அவள் பேசும்போது அவை அழகாகிவிடும். நூலகத்தில் என் கையெழுத்தில் செத்துக்கிடந்த வாக்கியம் அவள் வாயில் எழுந்து நடக்கும். அது என் வாக்கியம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

போட்டி நகரத்திலேயே இன்னொரு கல்லூரியில் நடந்தது. இறுதிச் சுற்று வரை போய்விட்டோம். குலுக்கலில் எங்களுக்குத் தெற்கு நாடு விழுந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. நடுவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். அவள் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவர் கேட்டார். “கவுன்சல், உங்கள் மீனவர்கள் பருவம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். மீதி மாதங்களில் அந்தத் தீவுகளில் யாரும் இல்லை. அப்போது அவை யாருடையவை?”

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளில்லாத, எட்டாத தீவுகள் என்றால் அங்கே தொடர்ந்து ஆட்சி நடக்க வேண்டிய அவசியமில்லை, கொஞ்சம் இருந்தாலே போதும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வழக்குகளின் பெயர்களோடு அதைச் சீட்டில் எழுதி அவள் பக்கம் தள்ளினேன். அவள் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

“மை லார்ட், போகும்போது அவர்கள் கிணற்றை மூடிவிட்டுப் போகிறார்கள்,” என்றாள். “திரும்பி வராத ஆள் கிணற்றை மூட மாட்டான்.”

அரங்கத்தில் யாரோ கைதட்டிவிட்டார்கள். நீதிபதி புன்னகைத்தார். “அதற்கு ஏதாவது தீர்ப்பு ஆதாரம்?” என்று கேட்டார். அவள் அந்தக் கிணற்றையே வேறு விதமாகச் சொன்னாள். கை சீட்டின் மேலேயே இருந்தது. நேரம் முடிந்தது.

பரிசளிப்பில் சிறந்த பேச்சாளர் கோப்பை அவளுக்கு. அணிக்கான கோப்பை எதிர் அணிக்கு. “அழகான பதில் கிடைத்தது. ஆனால் சட்டம் கிடைக்கவில்லை,” என்று நீதிபதி எங்களைப் பார்த்துச் சொன்னார். மேடம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கும் கை கொடுத்தார்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரை அவள் என்னோடு வந்தாள். கோப்பையைத் துப்பட்டாவில் சுற்றி வைத்திருந்தாள். ஏதேதோ பேசிக்கொண்டே வந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

“சீட்டுல எழுதிக் குடுத்தேன்ல, ஏன்டி படிக்கல?”

“படிச்சேன்.”

“படிச்சுட்டுமா சொல்லல?”

அவள் கோப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு வேறொரு குரலில் பேசினாள். அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை.

“அம்புட்டும் நீ எழுதுனது. முதல் வரிலேர்ந்து கடைசி வரி வரைக்கும். மேடம் ரூம்ல ஒக்காந்தா ஒன்னயப் பத்தியேதான் பேசுவாங்க. அவ எப்படித் தேடியிருக்கா பாரு, அவ எப்படி யோசிச்சிருக்கா பாருன்னு. நான் அங்க ஒன் எழுத்த ஒப்பிக்கிற கிளி. அந்தக் கேள்வி வந்ததும் எனக்கே ஒரு பதில் தோணுச்சுடி. அது ஒண்ணாவது என்னுதா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்.”

“அதனால தோத்துட்டோம்.”

“ஆமா, தோத்துட்டோம்.” அவள் கண் கலங்கியிருந்தது. “ஒனக்கு எப்பவுமே ஒரு எடம் இருக்கு. கொடிக்கா இருக்கு, ஊரு இருக்கு, படிச்சது எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு. எனக்கு வாய்தான் இருக்கு. என்னயப் பாத்து நீ பொறாமப்படுறேன்னு எனக்குத் தெரியும். நான் ஒன்னயப் பாத்து எம்புட்டுப் பட்டிருக்கேன்னு ஒனக்குத் தெரியாது.”

சோழவந்தான் பஸ் வந்துவிட்டது. “நாளைக்கு வாரேன்,” என்று ஏறிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் என்மேல் பொறாமைப்பட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இதைக்கூட என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாளே என்றுதான் தோன்றியது. அந்தக் கிணற்றுப் பதிலை நினைத்துக்கொண்டே போனேன். நான் நூலகத்தில் இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தாலும் அது எனக்குத் தோன்றியிருக்காது. அந்த எண்ணம்தான் தோற்றதைவிட அதிகமாக வலித்தது.

கொஞ்ச நாள் இருவரும் அளவாகப் பேசினோம். பிறகு தேர்வு வந்தது, அவள் என் நோட்டைக் கேட்டாள், கொடுத்தேன். அதோடு பழையபடி ஆகிவிட்டது. ஆனால் அந்தப் போட்டியைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

இப்போது இருவரும் மதுரையில்தான் வக்கீல்கள். அவள் கல்யாணமாகி ஆனையூரில் இருக்கிறாள். தனித்தனியாகத் தொழிலை ஆரம்பித்து, நான் எழுதும் மனுக்களுக்கு வாதாட அவளை அழைத்து, அவள் வழக்குகளுக்கு நான் மனு எழுதி, கடைசியில் ஒரே அறையில் இரண்டு மேசை போட்டுவிட்டோம். பெரும்பாலும் நிலத் தகராறு. வாய்க்கால், வரப்பு, கண்மாய்ப் புறம்போக்கு. கட்சிக்காரர்கள் வந்தால் என்னைத் தாண்டி அவள் மேசையைப் பார்ப்பார்கள். “அந்தம்மாதானக்கா பேசுவாங்க?” என்று என்னிடமே கேட்பார்கள். “அவங்கதான்,” என்பேன். சில பேர் ஜெயித்த பிறகு பழக்கூடையை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவள் பாதியை எடுத்து என் பக்கம் வைப்பாள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

போன மாதம் எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர், நல்ல அனுபவசாலி, வராந்தாவில் அவளை நிறுத்தி, “மனு ரொம்பப் பிரமாதம்மா, யாரு எழுதினது?” என்று கேட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைக் காட்டினாள். அவர் என்னோடு பேச ஆரம்பித்தார், பேசிக்கொண்டே இருந்தார். அவள் ஒதுங்கிப் போய் ஜன்னல் பக்கம் நின்று கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தாள். திரையில் அவள் எதையும் பார்க்கவில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. அந்த நிற்கிற விதம் எனக்கு நன்றாகப் பழக்கமானது.

“போலாமாடி?” என்றேன்.

“நீ பேசிட்டு வா. நான் டீ சொல்லிட்டுப் போறேன்,” என்றாள், என்னைப் பார்க்காமல்.